இஸ்திகாரா: தொழும் முறை, தொழுத பிறகு நடக்கும் முறை

சவூதியிலிருந்து விசா வந்திருக்கிறது, போகலாமா? பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பேசி முடிக்கலாமா? வாடகைக் கடையை விட்டுவிட்டுச் சொந்த இடத்தில் உட்காரலாமா? இப்படி முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நிற்கும்போது வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு ரக்அத் இஸ்திகாரா தொழு. ஹைரானதை அல்லாஹ் நாடுவான்." எடுக்கப்போகும் முடிவில் ஹைரை, அதாவது நன்மையை, அல்லாஹ்விடம் கேட்டுத் தொழும் தொழுகைதான் இஸ்திகாரா; ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று.

தொழுகிறோம். பிறகு மூன்று நாள் கனவுக்குக் காத்திருக்கிறோம். கனவில் பழைய பள்ளிக்கூடமும் எப்போதோ இறந்த பூனையும் வருகின்றன. "எனக்கு இஸ்திகாரா சரியா வரமாட்டேங்குது" என்று விட்டுவிடுகிறோம், அல்லது வேறொருவரைத் தொழச் சொல்கிறோம்.

கோளாறு தொழுகையில் இல்லை. என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பதில்தான் இருக்கிறது. இஸ்திகாரா துஆவை முழுக்கப் படித்துப் பாருங்கள். 'காட்டு' என்ற சொல்லே அதில் கிடையாது. கனவு, அடையாளம், சகுனம் எதுவும் அதில் கேட்கப்படவில்லை. நல்லதாயிருந்தால் விதித்துவிடு, இலேசாக்கிவிடு, பரக்கத் (அருள்வளம்) செய், கெட்டதாயிருந்தால் திருப்பிவிடு, கடைசியில் என்னைத் திருப்திப்படுத்து. கேட்பது இவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் முன்னாலும் பின்னாலும் செய்யவேண்டியவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

எதற்குத் தொழலாம்

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. குர்ஆனின் சூராவைக் கற்றுக்கொடுப்பது போலவே எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார். இந்த 'எல்லாக் காரியங்களுக்கும்' என்பதற்கு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். ஃபர்ளான (கட்டாயக் கடமையான) காரியத்துக்கு இஸ்திகாரா கிடையாது, ஏனென்றால் அங்கே தேர்வே இல்லை. ஹராமுக்கும் கிடையாது. வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று இஸ்திகாரா தொழுவது, பதில் கையில் இருக்கும்போதே அதைக் கேளாதது போல மறுபடி கேட்பதாகும்.

எஞ்சியவை ஆகுமான காரியங்கள்: வேலை, திருமணம், வீடு, வியாபாரக் கூட்டு, படிப்பு, பயணம், இரண்டு மருத்துவ வழிகளில் எது என்பது. ஹஜ் கடமையாகிவிட்டவர் 'போகவா வேண்டாமா' என்று தொழ வேண்டியதில்லை. எந்தக் குழுவோடு போவது என்று தொழலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முடிவெடுக்க எதுவுமில்லாமல் வெறுமனே காத்திருக்கும் நாட்கள் உண்டு: பரிசோதனை முடிவு வரவில்லை, தேர்வு முடிவு வரவில்லை, கப்பலில் போனவரிடமிருந்து போன் வரவில்லை. அங்கே இஸ்திகாராவுக்கு வேலையில்லை. யூனுஸ் நபியின் துஆ, 'ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்', ஸலவாத்து என்று அந்த இடத்துக்கானவை வேறு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் துஆவோடு டாக்டரையும் பாருங்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான்.

தொழுவதற்கு முன் விசாரணை

ஆலு இம்ரான் சூராவின் 159-ஆம் வசனத்தில் ஒரு வரிசை இருக்கிறது: அவர்களோடு மஷூரா (கலந்தாலோசனை) செய்யுங்கள், உறுதி கொண்டுவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் (பொறுப்பை ஒப்படைக்கும் நம்பிக்கை) வையுங்கள். மஷூரா, முடிவு, தவக்குல். நம்மில் பலர் மூன்றாவதை முதலில் செய்துவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறோம். இந்த வசனம் இறங்கிய நேரத்தையும் கவனியுங்கள். உஹதுப் போருக்கு (625) முன் மதீனாவுக்குள்ளேயே இருப்பதா, வெளியே போய்ச் சந்திப்பதா என்று மஷூரா நடந்தது. வெளியே போகலாம் என்றானது. போனதில் ஏறத்தாழ 70 ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). இத்தனைக்கும் பிறகு இறங்கிய வசனம் மஷூரா செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை, செய்யத்தான் சொல்கிறது. முடிவின் பலன் கசந்ததால் முடிவெடுத்த முறை தவறென்று ஆகிவிடாது. இதைப் பிற்பாடும் சொல்ல வேண்டிவரும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு வை என்றார்கள் நபியவர்கள் (திர்மிதி). இன்றைய காரியங்களில் கயிறு எது என்று பார்ப்போம்.

வளைகுடா வேலையென்றால், ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ. 30,000-மும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு இருக்கிறது. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். பிறகு ஒரு கணக்கு: போவதற்கு 1,50,000 ரூபாய் கடன், மாதம் வீட்டுக்கு அனுப்பியது போக 12,000 மிஞ்சும் என்றால் கடன் அடைபட 12 மாதத்துக்கு மேல் ஆகும். ஒப்பந்தமே 24 மாதம்தான். இந்தக் கணக்கைப் பார்த்தபின்னும் போகத் தோன்றினால், அப்போது தொழ ஒரு விஷயம் இருக்கிறது.

வரன் என்றால் வெளிப்படையாக விசாரியுங்கள், விசாரிப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "எதுக்கு இன்னொருத்தர் குறையைச் சொல்லிப் புறம் பேசணும்?" என்று நழுவுபவர்கள் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸைப் பார்க்கவேண்டும் (முஸ்லிம்). முஆவியா, அபூ ஜஹ்ம் இருவரும் பெண் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் வந்து சொன்னபோது நபியவர்கள் பூசி மெழுகவில்லை. அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர், முஆவியா கையில் காசில்லாதவர், நீ உஸாமாவை மணமுடி என்றார்கள். அவருக்கு உஸாமாவைப் பிடிக்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னார்கள். மணமுடித்தார். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், மற்றவர்கள் என்னைப் பார்த்து ஏங்கும்படி ஆனது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

மஷூராவுக்கு ஆள் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்பவர்களாகப் பார்த்து நாலு பேரைக் கேட்பது மஷூரா ஆகாது. அந்தத் தொழிலை அறிந்தவர் ஒருவர், உங்களை அறிந்தவர் ஒருவர், இந்தக் காரியத்தில் லாப நஷ்டம் எதுவும் இல்லாத ஒருவர் என்று மூன்று பேர் போதும். புரோக்கரும் ஏஜென்ட்டும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "யா அல்லாஹ், என் வாழ்க்கைக்கு ஒரு வழி காட்டு" என்பது நல்ல துஆதான், ஆனால் இஸ்திகாரா இல்லை. இஸ்திகாராவில் 'இந்தக் காரியம்' என்று விரல் வைத்துச் சொல்ல ஒன்று வேண்டும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "தம்மாமில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு, இந்த ஒப்பந்தத்தில், வருகிற மாதம் போவது." எழுத முடியவில்லையென்றால் விசாரணை முடியவில்லை என்று பொருள், இன்னும் இரண்டு நாள் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டு வழிகளில் ஒன்று என்றால், மனம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும் வழியை எடுத்து அதற்குத் தொழுங்கள். அது திரும்பிவிட்டால் அடுத்ததற்குத் தொழலாம். ஒரே துஆவில் ஐந்து வரன்களையும் அடுக்கினால் கேட்பவருக்கே குழப்பம்.

மனம் ஏற்கெனவே முழுக்க ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தால்? அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் முத்திரை குத்தத் தொழுவதை இமாம்கள் கண்டித்திருக்கிறார்கள். தனக்கு முன்பே இருந்த ஆசையை நம்பி நடக்கக்கூடாது என்கிறார் முற்கால மார்க்க அறிஞரான நவவி இமாம். அதற்காக ஆசையே இருக்கக்கூடாது என்றில்லை. கடைசிக் காசு கைமாறுமுன், 'இல்லை' என்று வந்தாலும் ஏற்க இடமிருக்கும் கட்டத்தில் தொழுதுவிட வேண்டும். அவ்வளவே.

நேரமும் தொழுகையும்

இது ஃபர்ளு அல்லாத இரண்டு ரக்அத். தனி நிய்யத்தோடு (எண்ணத்தோடு) தொழுவது வழக்கம். ளுஹர், மக்ரிப், இஷாவின் கடமைத் தொழுகைக்குப் பின் வரும் பின்சுன்னத்தையோ, பள்ளிக்குள் நுழைந்ததும் தொழும் தஹிய்யத்துல் மஸ்ஜிதையோ தொழும்போதே இந்த எண்ணத்தையும் வைத்துக்கொண்டால் போதும் என்று நவவி இமாம் சொல்லியிருக்கிறார். நேரத்தில்தான் கவனம் வேண்டும். சுப்ஹு பாங்கிலிருந்து சூரியன் உதித்து 20 நிமிடம் ஆகும் வரை, உச்சிப் பொழுதில், அஸர் தொழுததிலிருந்து மக்ரிப் வரை தொழாதீர்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட மரபிலும்) இது பொருந்தும். காரணமுள்ள தொழுகை என்றால் ஷாஃபிஈயில் எந்த நேரத்திலும் தொழலாமே என்று கீழக்கரைக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். அந்தச் சலுகை காரணம் முன்னே வரும் தொழுகைக்குத்தான். இஸ்திகாராவுக்குக் காரணம் பின்னே வருகிறது. அவசரமாக அஸருக்குப் பின் முடிவு சொல்லியாக வேண்டுமென்றால் தொழாமல் துஆவை மட்டும் ஓதலாம். மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கும் அப்படியே, துஆ மட்டும்.

நல்ல நேரம் இரவின் கடைசிப் பகுதி. அது வராவிட்டால் இஷாவுக்குப் பின். தொழுததும் படுத்துவிட வேண்டும், வலப்பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும், யாரோடும் பேசக்கூடாது என்பவை ஹதீஸில் இல்லை. கனவு எதிர்பார்ப்பிலிருந்து முளைத்தவை. பகலில் ளுஹருக்குப் பின் தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போகலாம்.

ஒளு செய்துகொண்டு இரண்டு ரக்அத் தொழுங்கள். எந்த சூரா என்று ஹதீஸில் குறிப்பு இல்லை. முதல் ரக்அத்தில் காஃபிரூன், இரண்டாவதில் இக்லாஸ் ஓதுவது நல்லது என்பது நவவி இமாமின் கருத்து. வேறு ஓதினாலும் தொழுகை நிறைவேறும். ஸலாம் கொடுத்ததும் உட்கார்ந்தபடியே அல்லாஹ்வைப் புகழ்ந்து, ஸலவாத்து சொல்லி, கையேந்தி துஆவைத் தொடங்குங்கள்.

துஆ

"அல்லாஹும்ம இன்னீ அஸ்தகீருக பிஇல்மிக, வஅஸ்தக்திருக பிகுத்ரதிக, வஅஸ்அலுக மின் ஃபழ்லிகல் அழீம். ஃபஇன்னக தக்திரு வலா அக்திரு, வதஃலமு வலா அஃலமு, வஅன்த அல்லாமுல் குயூப். அல்லாஹும்ம இன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர கைருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபக்துர்ஹு லீ, வயஸ்ஸிர்ஹு லீ, ஸும்ம பாரிக் லீ ஃபீஹி. வஇன் குன்த தஃலமு அன்ன ஹாதல் அம்ர ஷர்ருன் லீ ஃபீ தீனீ வமஆஷீ வஆகிபதி அம்ரீ, ஃபஸ்ரிஃப்ஹு அன்னீ வஸ்ரிஃப்னீ அன்ஹு, வக்துர் லியல் கைர ஹைஸு கான, ஸும்ம அர்ழினீ."

தமிழ் எழுத்தில் அரபி ஒலி முழுதாக வராது. மக்தப் உஸ்தாதிடம் ஒருமுறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மனப்பாடம் இல்லாதவர்கள் தாளைப் பார்த்து ஓதலாம். அதுவும் முடியாதவர்கள் பொருளைத் தமிழில் சொல்லிக் கேட்கலாம். ஸலாம் கொடுத்துவிட்ட பிறகு ஓதுவதால் இவற்றில் சிக்கல் இல்லை.

'ஹாதல் அம்ர' என்று இரண்டு இடங்களில் வருகிறது. 'இந்தக் காரியம்' என்று பொருள். அங்கேதான் உங்கள் தேவையைச் சொல்லவேண்டும். பயணமென்றால் 'ஹாதஸ் ஸஃபர', திருமணமென்றால் 'ஹாதன் நிகாஹ' என்று மாற்றிச் சொல்லலாம். அல்லது 'ஹாதல் அம்ர' என்றே ஓதி, தாளில் எழுதிய அந்த ஒரு வரியை மனதில் கொண்டுவரலாம். அந்த இடத்தில் ஒன்றையும் நினைக்காமல் மளமளவென்று ஓதிப்போனால் முகவரி எழுதாத கடிதத்தைப் பெட்டியில் போட்ட மாதிரி.

சொல் சொல்லாக

முதல் பகுதி வாக்குமூலம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உன்னால் முடியும், என்னால் முடியாது. ஒரு வாரமாக விசாரித்து, கணக்குப் போட்டு, மூன்று பேரைக் கேட்டு வந்தவர் சொல்லும்போதுதான் இதற்கு எடை இருக்கிறது. எதையும் விசாரிக்காதவர் 'எனக்குத் தெரியாது' என்பது வெறும் உண்மை நிலவரம்.

இரண்டாவது, எதை வைத்து நல்லது கெட்டது என்று கேட்கிறோம் என்பது. தீன், பிழைப்பு, முடிவு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கிறோம். தீன் முதலில் வருகிறது. சம்பளம் இரண்டு மடங்கு, ஆனால் ஜும்ஆவுக்கு விடமாட்டார்கள் என்ற வேலை கைநழுவிப் போனால், துஆ ஏற்கப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். நீங்கள்தானே அந்த வரிசையில் கேட்டீர்கள்!

மூன்றாவது, 'ஃபஸ்ரிஃப்ஹு அன்னீ வஸ்ரிஃப்னீ அன்ஹு'. அதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் அதைவிட்டுத் திருப்பு. ஏன் இரண்டு தடவை? காரியம் மட்டும் விலகி மனம் விலகாமல் போனால் அது வேறொரு வேதனை. அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் நிகாஹ் முடிந்து ஒரு வருடமான பிறகும் வாட்ஸ்அப்பில் அவள் அண்ணனின் ஸ்டேட்டஸைத் தினமும் திறந்து பார்ப்பவனிடமிருந்து காரியம் திரும்பிவிட்டது, அவன் திரும்பவில்லை. ஆகவேதான் துஆ இரண்டையும் கேட்கிறது.

நான்காவது, 'ஹைஸு கான'. நன்மை எங்கே இருந்தாலும். நாம் எழுதிவைத்த அந்த ஒரு வரிக்கு வெளியே இருந்தாலும். அதன்பின் 'ஸும்ம அர்ழினீ', பிறகு என்னைத் திருப்திப்படுத்து. துஆவிலேயே சொல்லக் கடினமானது இந்தச் சொல்தான். பெரும்பாலோர் வேகமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

தொழுத பிறகு

எழுந்து அடுத்த படியில் கால் வையுங்கள். மனம் எந்தப் பக்கம் விரிகிறதோ அதைச் செய்யட்டும் என்கிறார் நவவி இமாம். மனம் விரிந்தாலும் விரியாவிட்டாலும் சரியென்று பட்டதைச் செய்யட்டும், நன்மை அதில்தான் இருக்கும், மனம் விரியவேண்டும் என்று ஹதீஸில் நிபந்தனை இல்லை என்கிறார் இன்னொரு முற்கால அறிஞரான இப்னு ஸம்லகானி. நடைமுறைக்கு இரண்டாவது கருத்தே கைகொடுக்கும். இயல்பிலேயே பதற்றமுள்ளவருக்கு எதிலும் மனம் விரியாது. அவர் முதல் கருத்தைப் பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் தொழுதுகொண்டே இருப்பார்.

இலேசாக்குதல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி இப்னு மாஜாவில் இருக்கிறது. 632-இல் நபியவர்கள் வஃபாத்தான (மறைந்த) நேரம். மதீனாவில் கப்ரு தோண்டுபவர்கள் இருவர். ஒருவர் பக்கவாட்டில் குழி வைத்து லஹ்து தோண்டுபவர், மற்றவர் நேராகத் தோண்டுபவர். எது சிறந்தது என்று ஸஹாபாக்களுக்குத் தீர்மானமில்லை. நம் ரப்பிடம் இஸ்திகாரா செய்து இருவருக்கும் ஆள் அனுப்புவோம், யார் முந்துகிறாரோ அவர் தோண்டட்டும் என்றார்கள். லஹ்து தோண்டுபவர் முந்தினார். லஹ்தே தோண்டப்பட்டது. உம்மத்தின் மிகப்பெரிய துக்க நாளில் யாரும் கனவுக்காகப் படுக்கவில்லை. இரண்டு ஆட்களை அனுப்பினார்கள்.

அப்படியே செய்யுங்கள். மெடிக்கலுக்குப் போங்கள், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், பெண் வீட்டாரை வரச்சொல்லுங்கள். ஒவ்வொரு படியும் நியாயமான முயற்சியில் திறந்தால் போய்க்கொண்டே இருங்கள். ஒரு தடங்கல் வந்தவுடன் 'அல்லாஹ் தடுத்துட்டான்' என்று திரும்பிவிடவும் வேண்டாம். சர்வர் வேலை செய்யவில்லை, அலுவலர் லீவு என்பதெல்லாம் அன்றாடம். நியாயமான வழிகளில் முயன்றும் கதவு மூடியே இருந்தால், அல்லது முதலில் மறைத்திருந்த ஒரு விஷயம் இப்போது வெளியே வந்தால் (ஒப்பந்தத்தில் இருந்த சம்பளம் மாறிவிட்டது, வரனுக்கு முதல் திருமணம் ஒன்று இருந்ததைச் சொல்லவில்லை), அங்கே நில்லுங்கள்.

எத்தனை தடவை தொழுவது? ஒன்று போதும். தெளிவில்லையென்றால் திரும்பத் தொழலாம். ஹதீஸ்களை எழுதிவைப்பது பற்றி உமர் (ரலி) ஒரு மாதம் இஸ்திகாரா செய்தார்கள் என்று அறிவிப்பு உண்டு. ஏழு தடவை என்ற அறிவிப்பு மிகவும் பலவீனமானது. எத்தனை தடவை தொழுதாலும் ஒரு கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பில் ஒரு குடும்பமோ முதலாளியோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இஸ்திகாராவைச் சொல்லி அவர்களை மாதக்கணக்கில் தொங்கவிடுவது அநியாயம்.

கெட்டுப்போகும் இடங்கள்

தஸ்பீஹ் மணியைப் பிடித்து 'செய், செய்யாதே' என்று எண்ணுவது, குர்ஆனைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தில் பதில் தேடுவது, பால் கிதாபு (குறி சொல்லும் நூல்) பார்ப்பது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜாஹிலிய்யாக் கால (இஸ்லாத்துக்கு முந்திய) அரபிகள் பயணத்துக்கும் திருமணத்துக்கும் அம்பு குலுக்கினார்கள். ஓர் அம்பில் 'ரப்பு ஏவினான்', இன்னொன்றில் 'ரப்பு தடுத்தான்', மூன்றாவது வெறும் அம்பு. வெறும் அம்பு வந்தால் மறுபடி குலுக்குவார்கள். மாஇதா சூராவின் 3-ஆம் வசனம் அதைத் தடைசெய்தது. அம்பு இருந்த இடத்தில் துஆ வந்தது. அந்த துஆவையே மறுபடி அம்பாக்கிவிடக் கூடாது.

அடுத்தது, மார்க்கப் பெரியவரான ஹஜ்ரத்திடம் பேரும் தாயார் பேரும் கொடுத்து இஸ்திகாரா பார்த்துச் சொல்லச் சொல்வது. ஹதீஸில் தேவையுள்ளவரே தொழட்டும் என்றுதான் இருக்கிறது. ஹஜ்ரத்திடம் துஆ செய்யச் சொல்லுங்கள், மஷூரா கேளுங்கள், தொழுகை உங்களுடையது. பிள்ளையின் நிகாஹில் பெற்றோருக்கும் தேவை இருப்பதால் அவர்களும் தங்களுக்காகத் தொழலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் தொழாமல் ஊரே தொழுவதில் மட்டும் அர்த்தமில்லை.

கனவு வந்தேவிட்டால்? நல்ல கனவு சந்தோஷம், கெட்ட கனவுக்கு அஊது (ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடும் சொல்) சொல்லி இடப்பக்கம் மும்முறை இலேசாகத் துப்பிவிட்டுப் புரண்டு படுக்கவேண்டும் என்பதே சுன்னத். விசாரித்துக் கண்ட உண்மையைக் கனவு தூக்கிப்போடாது.

கத்ரை, அதாவது இறைவிதியைச் சொல்லி முயற்சியைக் கைவிடுவதும் ஒரு பிழை. நஸீபில் இருந்தால் நடக்கும் என்று கையைக் கட்டி உட்காருபவருக்கு ஸர்கில் நடந்ததைச் சொல்லுங்கள். உமர் (ரலி) ஷாம் (சிரியா) நாட்டுக்குப் போகும் வழியில் அந்த ஊரில் தளபதிகள் எதிரே வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்றார்கள். முஹாஜிர்களை (மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்தவர்களை)க் கூட்டிக் கேட்டார்; கருத்து இரண்டானது. அன்ஸாரிகளை (மதீனாவாசிகளை)க் கேட்டார், அதுவும் இரண்டானது. மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் வந்த குறைஷி முதியவர்களைக் கேட்டார். ஒருவர்கூட மாறுபடாமல், திரும்பிவிடுங்கள் என்றார்கள். விடிந்ததும் திரும்புகிறேன் என்று அறிவித்தார். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்றார் அபூ உபைதா (ரலி). இதை வேறு யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று வருந்திய உமர், ஆமாம், அல்லாஹ்வின் கத்ரிலிருந்து அல்லாஹ்வின் கத்ருக்கே ஓடுகிறோம் என்றார். உன் ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறாய், ஒரு கரை பசுமை, மறுகரை வறட்சி. பசுமையில் மேய்த்தாலும் வறட்சியில் மேய்த்தாலும் கத்ர்தானே என்று கேட்டார். பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் பரவினால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார். மஷூராவில் எடுத்த முடிவும் நபிமொழியும் ஒன்றாயிருந்தன.

எடுத்த முடிவு நஷ்டமானால்

தொழுதுவிட்டுத்தான் போனார். ஆறு மாதத்தில் கம்பெனி மூடிவிட்டது. தொழுதுவிட்டுத்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஒத்துவரவில்லை. "அப்ப இஸ்திகாரா பொய்யா?" என்ற கேள்வி வரும். உஹதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். துஆவில் நாம் கேட்டது கஷ்டமில்லாத வழியை அல்ல, ஹைரான வழியை. பகரா சூராவின் 216-ஆம் வசனம், நீங்கள் வெறுப்பது உங்களுக்கு நன்மையாயிருக்கலாம், விரும்புவது தீமையாயிருக்கலாம் என்கிறது.

ஆனால் இந்த வசனத்தை அடுத்தவரின் இழப்பு வீட்டில், ஜனாஸா தூக்குமுன் எடுத்து நீட்டாதீர்கள். வசனம் சரி, நேரம் தவறு. தன் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களே அழுதார்கள்; கண் கலங்குகிறது, மனம் வருந்துகிறது, ரப்புக்குப் பிடிக்காததைச் சொல்லமாட்டோம் என்றார்கள். அழுகையும் ரிழாவும் (இறைமுடிவில் திருப்தியும்) ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

உங்கள் சொந்த நஷ்டத்தில் செய்யவேண்டியது முஸ்லிமில் வரும் ஹதீஸில் இருக்கிறது: உனக்குப் பயன் தருவதில் ஆசை வை, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்காராதே; ஏதாவது நேர்ந்தால் 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே' என்று சொல்லாதே, 'கத்தரல்லாஹு வமா ஷாஅ ஃபஅல்' (அல்லாஹ் விதித்தான், நாடியதைச் செய்தான்) என்று சொல். 'இருந்தால்' என்ற சொல் ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறக்கும். இதற்காகக் கணக்கைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது பிழையென்றால் அடுத்த தடவை படியுங்கள், கொடுத்த பணத்துக்குப் புகார் கொடுங்கள், காழியிடம் போகவேண்டுமென்றால் போங்கள். நள்ளிரவில் படுக்கையில் புரண்டு புரண்டு அதே காட்சியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதைத்தான் ஹதீஸ் தடுக்கிறது.

அதோடு உம்மு ஸலமா (ரலி) கற்றுக்கொண்ட துஆ: இன்னா லில்லாஹி சொல்லி, "அல்லாஹும்மஃ ஜுர்னீ ஃபீ முஸீபதீ வஅக்லிஃப் லீ கைரன் மின்ஹா". என் துன்பத்துக்குக் கூலி கொடு, இதைவிடச் சிறந்ததைப் பதிலாகத் தா. கணவர் அபூ ஸலமா இறந்தபோது இதை ஓதிய அவர், அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்கப்போகிறார் என்றும் நினைத்ததாகத் தாமே சொல்கிறார். நம்பிக்கை வரும்வரை காத்திருக்காமல் சந்தேகத்தோடேயே ஓதினார். பின்பு அவரை நபியவர்களே பெண் கேட்டு மணமுடித்தார்கள்.

'வேண்டாம்' என்று சொல்ல நேர்ந்தால்

வரன் ஒத்துவரவில்லை என்று முடிவாகிவிட்டால், "இஸ்திகாராவில் சரியா வரலீங்க" என்று சொல்லி அனுப்புவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சொல்பவருக்கு அது சுலபமான சாக்கு. கேட்கும் வீட்டில் அந்தப் பெண், அல்லாஹ்வே தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறாள். மஹல்லாவில் நாலு பேர் காதில் விழுந்தால் அடுத்த வரனும் யோசிக்கிறது. நீங்கள் தொழுதது உங்களுக்கு ஹைரா என்று கேட்டுத்தான். அவளைப் பற்றி எந்தச் சாட்சியும் உங்களுக்கு இறங்கவில்லை. "எங்களுக்குத் தோதுப்படல, அல்லாஹ் உங்க பிள்ளைக்கு நல்ல இடமா அமைச்சுக் கொடுக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் போன் போட்டு, முடிவான அன்றே சொல்லிவிடட்டும். வாங்கிய பயோடேட்டாவையும் போட்டோவையும் திருப்பிக் கொடுங்கள். போனில் இருக்கும் படத்தையும், குடும்ப குரூப்பில் பகிர்ந்ததையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.